வீட்டைக் கட்டிப் பார்த்தவர்கள்: லுவார் ஆற்றங்கரையில் அத்தையோடு ஒரு கார்ப் பயணம்

லுவார் பக்கம் போகிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பாரிஸில் இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பட்டியல் அனுப்புவார்கள். இந்தக் கோட்டையை விடாதே, அந்தக் கோட்டையில் சாயங்காலம் விளக்கு போடுவார்கள், இன்னொன்றில் குதிரை காட்சி உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மாதம் லீவு போட வேண்டும். நான் பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். பிள்ளைகள் இருவர், கார் ஓட்ட இவர், வழியெல்லாம் கருத்துச் சொல்ல அத்தை. இந்தக் கூட்டத்தோடு எத்தனை அரண்மனை ஏறி இறங்க முடியும்?

அத்தை காரைக்காலிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அதற்குச் சற்று முன்புதான் ஊரில் வீட்டுக்கு மாடி எடுத்து முடித்திருந்தார். மேஸ்திரியோடு மல்லுக்கட்டி, செங்கல் லோடு வந்து இறங்கும்போது பக்கத்தில் நின்று எண்ணி, சென்ட்ரிங் பிரிக்கும் நாள்வரை தளத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு வழியாகக் கட்டிய வீடு. அப்படிப்பட்டவரைக் கோட்டைக்குள் விட்டால் ராஜா ராணி கதையா கேட்பார்? சுவரைத் தட்டிப் பார்த்தார். நிலை எந்த மரம் என்று கேட்டார். "இதுக்கு யாரு காசு குடுத்தது?" என்பதுதான் எல்லா இடத்திலும் முதல் கேள்வி.

அது சரியான கேள்வி என்று எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. நாம் 'கோட்டை' என்றதும் செஞ்சி மாதிரி, வேலூர் மாதிரி சண்டைக்குக் கட்டியதை நினைத்துக்கொள்கிறோம். லுவார் கரையில் நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை சண்டைக்குக் கட்டியவை அல்ல. மேலே கூம்பு கோபுரம், சுற்றி அகழி, எல்லாம் அழகுக்கு. நூறாண்டுப் போரில் பாரிஸ் இங்கிலாந்துக்காரர்கள் கைக்குப் போனபோது பிரெஞ்சு அரசர்கள் தெற்கே இந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்களுக்கு ஊர் பிடித்துப்போய்விட்டது. அரசர் இருக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை, கஜானா அதிகாரி, அவர்களுடைய மைத்துனன் என்று எல்லோரும் வந்து மனை வாங்குவார்கள். அப்புறம் இத்தாலிக்குப் படையெடுத்துப் போய், அங்கே இருக்கும் மாளிகைகளைப் பார்த்துவிட்டு, 'நாமும் இப்படிக் கட்ட வேண்டும்' என்று திரும்பி வந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்த வட்டாரமே கட்டடச் சாரமாக இருந்திருக்கும். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பாரிஸிலிருந்து ஏ10 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஓர்லேயான் வரை சொல்ல ஒன்றுமில்லை. போஸ் சமவெளி முழுக்கக் கோதுமை வயல், நடுநடுவே காற்றாலை. வேகவரம்பு 130, மழை பெய்தால் 110. மழை தூறியது. இவர் 110க்கு இறக்கியவர் மழை நின்ற பிறகும் ஏற்றவே இல்லை. பின்சீட்டிலிருந்து "இன்னும் எவ்ளோ நேரம்?" ஆரம்பித்துவிட்டது.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஆற்றோரச் சாலையைப் பிடித்ததும்தான் பயணம் பயணமாக ஆனது. பல இடங்களில் வெள்ளத் தடுப்புக் கரையின் மேலேயே ரோடு போகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தாழ்வில் வீடுகளும் தோட்டங்களும். லுவார் பிரான்சிலேயே நீளமான ஆறு, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கோடையில் பார்த்தால் அந்தப் பெருமையெல்லாம் தெரியாது. அகலம் இருக்கிறது, ஆழம் இல்லை. நடுவில் திட்டுத் திட்டாக வெளுத்த மணல், அதன்மேல் நாணல், நாரை. அத்தை ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இவ்ளோ மணல் கெடக்கு. ஒரு லாரியைக் கூடக் காணோமே?"

இவர் சிரித்து சிரித்துக் காரை ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது. ஆனால் லாரி இங்கேயும் வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் பல வருஷம் இந்த ஆற்றுப் படுகையில் மணல் அள்ளினார்கள். படுகை தாழ்ந்துகொண்டே போனது. 1978 ஏப்ரலில் தூர் நகரத்தின் பழைய கல் பாலம், வில்சன் பாலம், தூண் அடியில் அரிப்பு ஏற்பட்டு வளைவு வளைவாக ஆற்றில் விழுந்தது. அடுத்த தலைமுறைக்குள் படுகையில் மணல் எடுக்கத் தடை வந்தது. இதைச் சொன்னதும் அத்தைக்கு இந்த நாட்டின்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

முதலில் ஷாம்போர். பெரியது எது என்று பிள்ளைகள் கேட்டார்கள், அதனால் அது. மரங்களுக்கு நடுவே நேராகப் போகும் சாலையில் திடீரென்று அந்தக் கூரை தெரியும். கூரையா ஊரா என்று சந்தேகம் வரும். அவ்வளவு கோபுரங்களும் புகைபோக்கிகளும். 400க்கு மேல் அறைகள், 282 கணப்புகள், 70க்கு மேல் படிக்கட்டுகள். சுற்றியுள்ள காட்டுக்கு மட்டும் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில். அரசர் முதலாம் பிரான்சுவா 1519இல் கட்டச் சொன்னபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. வேட்டைக்குப் போகும்போது தங்குவதற்காம்.

"இதுல எத்தனை நாள் இருந்தாரு?"

அவர் முப்பத்திரண்டு வருஷம் ஆண்டார். அதில் ஷாம்போரில் தங்கியது எல்லாம் சேர்த்து 72 நாள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். அந்த ஆட்டல் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் துபாயில் இருந்துகொண்டு நாலு மாடி கட்டிப் பூட்டிப் போட்டிருக்கிறாரே, அவரைப் பற்றிப் பேச்சு வரும்போது ஆட்டுவது.

நியாயமாகச் சொன்னால் அரசர் ஓரிடத்தில் இருக்கவே மாட்டார். அன்றைக்கு அரசவை என்பது நடமாடும் ஊர். ஆயிரக்கணக்கில் ஆட்கள், குதிரைகள், அவர்களோடு மடித்த கட்டில், பெட்டி, சுவரில் தொங்கவிடும் தடித்த திரைச்சீலை எல்லாம் வண்டியேறும். அரசர் வரும் முன் அறையை அலங்கரிப்பார்கள். அவர் கிளம்பியதும் எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்ச நாள் முழுக்க வெறும் சுவரும் எலியும்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஷாம்போர் அறைகள் ஏன் இப்படி மொட்டையாக இருக்கின்றன என்று ஏமாற்றமாக இருக்காது. வாடகைக்கு ஒரு டேப்லட் தருகிறார்கள். அறைக்குள் அதைத் தூக்கிப் பிடித்தால் கட்டில் மெத்தையோடு அந்தக் காலத்து அறை தெரியும். சின்னவன் நிஜ அறையைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தான்.

நடுவில் இருக்கும் இரட்டைச் சுழல்படி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, இருவரும் எதிர்ப்படவே மாட்டார்கள். நடுத் தண்டில் உள்ள ஜன்னல்கள் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். யோசனை லியோனார்டோ தாவின்சியுடையது என்பார்கள். அவர் கையால் வரைந்த வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. வேலை தொடங்கிய அதே 1519இல், தொடங்குவதற்குச் சில மாதம் முன்னால், அம்புவாஸில் இறந்துபோனார். பெரியவளும் சின்னவனும் ஆளுக்கொரு படியில் ஏறி, ஜன்னலுக்கு ஜன்னல் நாக்கைத் துருத்திக்கொண்டு மேலே போனார்கள். ஒரு பெரிய மனிதரின் யோசனையை இதைவிடச் சரியாக யாரும் பயன்படுத்தியிருக்க முடியாது.

என்னைக் கேட்டால் ஷாம்போரில் பார்க்க வேண்டியது மொட்டைமாடி. இத்தாலிய மாளிகைகளில் வெள்ளைச் சலவைக்கல்லில் கறுப்புச் சலவைக்கல் பதிப்பார்கள். இங்கே கறுப்புச் சலவைக்கல்லுக்கு எங்கே போவது? கூரைக்குப் போடும் ஸ்லேட்டுக்கல்லை வட்டமாகவும் சாய்சதுரமாகவும் அறுத்து, வெள்ளைச் சுண்ணாம்புக்கல்மேல் ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஓரமாகப் போய்ப் பார்த்தால் ஸ்லேட்டின் விளிம்பு தெரிகிறது, அதை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆணித் தலையும் தெரிகிறது. கீழே நின்று பார்க்கிறவனுக்குச் சலவைக்கல். இந்த வேலை அத்தைக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "காசு பத்தலைன்னாலும் கெட்டிக்காரன்" என்றார். ஆனால் கூரை விதானங்களில் நூற்றுக்கணக்கில் செதுக்கியிருந்த அரசரின் சின்னம் பிடிக்கவில்லை. சலமாண்டர். நெருப்பில் போட்டாலும் சாகாது என்று அந்தக் காலத்து நம்பிக்கை. "காஞ்சிபுரத்துல ஒரு பல்லிய வெச்சான். இவன் என்னடான்னா வீடு பூரா வெச்சிருக்கான்."

மதியம் கால்வாய்க்கரைப் புல்வெளியில் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். எதிரே அரண்மனை. பக்கத்துப் பாயில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் ரொட்டியும் சீஸும். அவர்கள் நம் டப்பாவைப் பார்க்க, நாங்கள் அவர்கள் சீஸைப் பார்க்க, கடைசியில் பண்டமாற்று ஆகிவிட்டது. இந்த வட்டாரத்து ஆட்டுப்பால் சீஸ் அது, செந்த்-மோர். நீளமாக உருளை வடிவில், மேலே சாம்பல் பூசி, நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகியிருக்கும். உடையாமல் இருப்பதற்கு அந்தத் தண்டு. அசல் சரக்கென்றால் தண்டில் யார் செய்தது என்ற விவரமே பொறித்திருக்கும். அத்தை வைக்கோலை உருவி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் பார்த்தார். சீஸை மட்டும் தொடவில்லை.

ஷெவெர்னியில் நிறுத்தியது சின்னவனுக்காக. டின்டின் கதைகளில் கேப்டன் ஹேடக் குடியிருக்கும் மாளிகையை எர்ஜே இதைப் பார்த்துத்தான் வரைந்தார், இரண்டு பக்கச் சிறகுகளை மட்டும் வெட்டிவிட்டு. வெள்ளைக் கல் கட்டடம், வயதாக ஆக இன்னும் வெளுக்கிற ரகம். கட்டிய குடும்பத்தின் வாரிசுகள் இன்னமும் ஒரு பகுதியில் குடியிருக்கிறார்கள். 1922லேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டுவிட்டார்கள். வீட்டைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று அப்போதே கணக்குப் போட்டிருக்கிறார்கள், புத்திசாலிகள். பின்னால் வேட்டைநாய்க் கொட்டில். நூறு நாய்கள் வரிசையாக நின்று, காப்பாளர் கை அசையும்வரை இறைச்சிக் குவியலைத் தொடாமல் நடுங்கிக்கொண்டு நிற்கின்றன. கையை இறக்கியதும் சில நிமிஷத்தில் தரை துடைத்த மாதிரி ஆகிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. கவுச்சி பார்க்க மாட்டேன் என்று அத்தை காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இரவு அம்புவாஸுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் தங்கினோம். காலையில் அம்புவாஸ் கோட்டை. ஆற்றைப் பார்த்தபடி குன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே குதிரை ஏறிப்போகும் அளவுக்கு அகலமான சாய்தளம் சுற்றிச் சுற்றி மேலே போகும் கோபுரம் ஒன்று உண்டு, கார் பார்க்கிங் மாதிரியே இருக்கிறது. இன்று நிற்பது பழைய கோட்டையின் சின்னப் பகுதிதான். புரட்சிக்குப் பிறகு இது ரொஜே துய்க்கோ என்ற செனட்டர் கைக்கு வந்தது. பராமரிக்கக் காசில்லை, பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டார். தோட்டத்தில் இருக்கும் சின்னத் தேவாலயத்தில் லியோனார்டோவின் சமாதி. அங்கே கூட்டம் எப்போதும் உண்டு.

அத்தையை நிறுத்திவைத்தது அரசர் எட்டாம் சார்லஸின் கதை. இந்தக் கோட்டையிலேயே பிறந்தவர். இத்தாலிக்குப் போய்விட்டு வந்து, அங்கிருந்து கைவினைஞர்களையும் தோட்டக்காரரையும் கூட்டிவந்து, ஊரே வாய்பிளக்கும்படி இதைக் கட்டிக்கொண்டிருந்தார். 1498 ஏப்ரல் 7. அகழிப் பக்கம் பந்தாட்டம் நடக்கிறது. மனைவியைக் கூட்டிக்கொண்டு பார்க்கக் கிளம்புகிறார். வழியில் ஒரு தாழ்வான வாசல். மேல்கல்லில் தலை இடித்துவிட்டது. ஒன்றுமில்லை என்று போய் ஆட்டம் பார்த்திருக்கிறார், பேசியிருக்கிறார். பிறகு சட்டென்று சாய்ந்தார். சில மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. வயது 27. குழந்தைகள் எதுவும் தங்கவில்லை. அடுத்து வந்த பன்னிரண்டாம் லூயி பட்டத்தோடு விதவை ராணியையும் கட்டிக்கொண்டார்.

"லிண்டல் மட்டம் யாரு பாத்தது?" என்றார் அத்தை. அவர் கேலி செய்யவில்லை. ஊரில் மாடிப்படி முடிகிற இடத்தில் லிண்டல் அரையடி தாழ்ந்துவிட்டது என்று கட்டின சுவரை உடைத்து எடுக்கவைத்தவர். மேஸ்திரி இரண்டு நாள் கோபித்துக்கொண்டு வேலைக்கே வரவில்லை. "ராஜா வீட்டுலயே இப்படித்தான் நடந்திருக்கு" என்று அன்றிரவே சித்தியிடம் வாட்ஸப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரேயொரு கோட்டை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ஷெனோன்சோவுக்குப் போங்கள். இது லுவார் கரையில்கூட இல்லை, அதன் துணை நதியான ஷேர் ஆற்றின் குறுக்கே நிற்கிறது. தொமா போயே என்ற அரசுக் கணக்கு அதிகாரி 1513இல் வாங்கிய இடம். பழைய கோட்டையை இடித்து, ஒரு கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு, ஆற்றுக்குள் இருந்த மாவு மில்லின் அடித்தூண்கள்மேல் புது வீடு எழுப்பினார்கள். எழுப்பினார்கள் என்றால், அவர் இத்தாலியில் போர்க்களத்துக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்று கட்டியது மனைவி கத்தரீன் பிரிசோனே. பிரான்சில் மாளிகை என்றால் வளைந்து ஏறும் படிதான் என்றிருந்த காலத்தில் நேர்ப்படி வைத்தது இந்த வீடு. கட்டி முடிந்தால் என்னை நினைப்பார்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் செதுக்கிவைத்திருக்கிறார் போயே. 1524இல் அவர் இத்தாலியிலேயே இறந்தார். இரண்டு வருஷத்தில் மனைவியும் போய்விட்டார். அப்புறம் கணக்கைத் தணிக்கை செய்தார்கள். அப்பா கஜானாவுக்கு வைத்த பாக்கிக்காக 1535இல் மகன் வீட்டையே அரசரிடம் எழுதிக்கொடுத்தான்.

அரசர் கைக்கு வந்த வீட்டை இரண்டாம் ஹென்றி 1547இல் தன் காதலி தியான் தெ புவாத்தியேவுக்குக் கொடுத்தார். அவருக்கும் அரசருக்கும் இருபது வயது வித்தியாசம், மூத்தவர் தியான். அவர் வீட்டிலிருந்து எதிர்க்கரைக்கு ஐந்து வளைவுள்ள பாலம் போட்டார். பாலம் முடியும் நேரத்தில், 1559இல், குதிரைமேல் ஈட்டிப் போட்டியில் அரசருக்குக் கண்ணில் காயம்பட்டு இறந்துபோக, பட்டத்து ராணி கத்தரீன் தெ மெடிசி செய்த முதல் காரியங்களில் ஒன்று இந்த வீட்டைத் திரும்ப வாங்கியது. சும்மா பிடுங்கவில்லை, பதிலுக்கு ஷோமோன் கோட்டையைத் தள்ளிவிட்டார். அப்புறம் தியான் போட்ட பாலத்தின் தலைமேலேயே இரண்டடுக்கு மண்டபம் கட்டினார். 60 மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் ஜன்னல், தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம். இன்று படத்தில் நாம் பார்க்கும் ஷெனோன்சோ, இரண்டு சக்களத்திகள் சேர்ந்து கட்டியது. இருவர் தோட்டமும் வாசலின் இரண்டு பக்கமும் எதிரெதிரே இருக்கின்றன. எது அழகு என்று பெரியவள் கேட்டாள். "மூத்தா தோட்டம்" என்றார் அத்தை. யார் மூத்தாள் என்று இன்னும் எங்களுக்குள் முடிவாகவில்லை.

நான் அதிக நேரம் நின்றது சமையல்கட்டில். ஆற்றுக்குள் நிற்கும் பெரிய தூண்களின் வயிற்றுக்குள் அது இருக்கிறது. ரொட்டி அடுப்பு, இறைச்சி வெட்டும் அறை, வரிசை வரிசையாகத் தொங்கும் செம்புப் பாத்திரங்கள். ஜன்னலுக்குக் கீழே நேராகத் தண்ணீர். சாமான் படகில் வந்து சமையல்கட்டு வாசலிலேயே இறங்கியிருக்கிறது. அத்தை ஒரு பெரிய செம்புக் குண்டானை உற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். காவலுக்கு நின்ற பெண்மணி சிரித்துக்கொண்டு வழிவிட்டார்.

பாலத்து மண்டபம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போகாதீர்கள். 1913இல் இந்த வீட்டை மெனியே என்ற சாக்லேட் கம்பெனிக் குடும்பம் வாங்கியது. முதல் உலகப் போரில் மண்டபம் முழுக்கக் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள், தங்கள் செலவில். 2,000க்கு மேற்பட்ட காயம்பட்ட சிப்பாய்கள் இங்கே படுத்திருந்தார்கள். படுக்கையிலிருந்தபடி ஜன்னல் வழியாகத் தூண்டில் போட்டார்களாம். இரண்டாம் போரில் ஷேர் ஆறுதான் எல்லைக்கோடு. முன்வாசல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பகுதி, மண்டபத்தின் கடைசிக் கதவு மறுகரை, சுதந்திரப் பகுதி. அந்தக் கதவு வழியாக ஆட்கள் தப்பியிருக்கிறார்கள். இன்றைக்கு அதே கதவு வழியாக வெளியே போய் மரநிழலில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம். தியானும் கத்தரீனும் போட்டிபோட்டுக் கட்டியதற்கு இப்படி ஒரு உபயோகம் வரும் என்று அவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆஸே-லெ-ரிதோவில் இதே கதை இன்னும் மோசமாக நடந்தது. ஜில் பெர்த்தலோ, அவரும் கஜானா அதிகாரி, தூர் நகர மேயராகவும் இருந்தவர். 1518 வாக்கில் ஆந்தர் ஆற்றின் தீவு ஒன்றில் வேலையைத் தொடங்கினார். இங்கேயும் சாரத்தடியில் நின்றது மனைவிதான். பெயர் பிலிப் லெஸ்பாயி. பிலிப் அன்றைக்குப் பெண்ணுக்கும் வைக்கிற பெயர். ஈரத் தரையில் அஸ்திவாரம், பக்கத்தில் கல் கிடையாது, எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். அரசர் பிரான்சுவாவின் மனம் குளிர முகப்பில் அவருடைய சலமாண்டரையும் ராணியின் சின்னமான வெண்கீரியையும் செதுக்கிவைத்தார்கள். பிரயோஜனப்படவில்லை. 1527இல் நிதி நிர்வாகத்தின் தலை, பெர்த்தலோவுக்கு உறவினர், ஸாம்ப்லான்ஸே பிரபு, பணக் கையாடல் குற்றச்சாட்டில் தூக்கிலிடப்பட்டார். அடுத்தது நாம் என்று தெரிந்து பெர்த்தலோ ஓடிவிட்டார். திரும்பி வரவே இல்லை. மனைவி எவ்வளவோ போராடியும் அரசர் வீட்டைப் பறிமுதல் செய்து தன் படைத்தலைவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நாலு பக்கமும் கட்ட நினைத்த வீடு 'ட' எழுத்து மாதிரி இரண்டு பக்கத்தோடு நின்றுபோனது. அப்படி நின்றதால்தான் இவ்வளவு அழகாக இருக்கிறது என்பது என் கட்சி. முழுசாகக் கட்டியிருந்தால் கனத்துப் போயிருக்கும்.

இங்கே மேல்தளத்துக்கு, கூரையின் மரச்சட்டங்களுக்குள்ளேயே, ஏறிப் போகலாம். ஓக் மரம், ஒன்றோடொன்று பின்னிய கோப்பு, கவிழ்த்த கப்பலுக்குள் நிற்கிற மாதிரி. கோட்டைகளில் அத்தை உட்கார்ந்து பார்த்த ஒரே இடம் இதுதான். "பொம்பளை நின்னு கட்டின வீடு" என்றார். அந்தம்மா பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இந்த மாளிகைகளுக்கெல்லாம் கல் எங்கிருந்து வந்தது என்று கரையோரக் குன்றுகளைப் பார்த்தால் தெரியும். துஃபோ என்கிற மிருதுவான வெள்ளைச் சுண்ணாம்புக்கல், ரம்பத்தால் அறுக்கலாம். அறுத்து அறுத்து எடுத்த இடம் குகையாகிவிட்டது. கல் வெட்டியவர்களும் திராட்சைத் தோட்டக்காரர்களும் முன்பக்கம் ஒரு சுவரும் கதவும் வைத்து அந்தக் குகைகளிலேயே குடும்பம் நடத்தினார்கள். வூவ்ரே பக்கம் இன்றும் பாறைக்குள்ளிருந்து புகைபோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே வருஷம் முழுக்க 12 டிகிரி சுற்றி. இப்போது திராட்சைமது வைக்கவும், காளான் வளர்க்கவும், நம்மைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விடவும் ஆகிறது. கல்லை எடுத்துக்கொண்டு போய்க் கட்டியவர்கள் பாதிப்பேர் வீட்டை இழந்தார்கள். குழிக்குள் குடியிருந்தவர்களை யாரும் பறிமுதல் செய்யவில்லை.

கடைசியாக வில்லாந்திரி. அங்கே வீட்டுக்குள் போகாவிட்டாலும் பரவாயில்லை, தோட்டம்தான் விசேஷம். ஜொவாக்கீம் கார்வல்லோ என்ற ஸ்பெயின்காரர், பாரிஸில் மருத்துவ ஆராய்ச்சியில் இருந்தவர், 1906இல் இதை மனைவி ஆன் கோல்மனோடு சேர்ந்து வாங்கினார். ஆராய்ச்சியை விட்டுவிட்டு, பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து, பதினாறாம் நூற்றாண்டுப் பாணியில் தோட்டத்தை மறுபடி போட்டார். சொந்த வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று மற்ற கோட்டைக்காரர்களிடமும் வாதாடி, 1924இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் தொடங்கினார்.

அங்கே பூவைவிடக் காய்கறித் தோட்டம் அழகு. ஒன்பது பெரிய சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோலம். கோலம் போட்டிருப்பது கோசு, பீட்ரூட், லீக், கத்தரி, கேரட் கொண்டு. நீலம் பூத்த கோசுக்குப் பக்கத்தில் சிவந்த தண்டுக்கீரை, ஓரத்தில் அரையடி உயரத்துக்கு வெட்டிவிட்ட பாக்ஸ்வுட் செடி. வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றி நடுகிறார்கள். அத்தை குனிந்து ஒரு கத்தரிச்செடி இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. "மருந்து அடிக்கிறாங்களா கேளு" என்றார். தோட்டக்காரரிடம் கேட்டேன். இல்லை, ரசாயனம் எதுவும் போடுவதில்லை, களையும் கையால்தான் பிடுங்குகிறோம் என்றார். அத்தைக்கும் அவருக்கும் அதன்பிறகு நடந்த உரையாடலுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். கத்தரிக்காயை எப்போது பறிப்பது என்பதில் இரண்டு தேசங்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு. பிள்ளைகள் கூட இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு கோட்டை, அதற்குமேல் எல்லாம் ஒரே கணப்பு, ஒரே கட்டில் என்று குழம்பிவிடும். ஷாம்போரும் ஆஸேவும் அரசுடையவை, பதினெட்டு வயதுக்குள் டிக்கெட் கிடையாது. ஷெனோன்சோ, ஷெவெர்னி, வில்லாந்திரி எல்லாம் தனியார் சொத்து, ரொம்பச் சின்னப் பிள்ளைகள் தவிர மற்ற பிள்ளைகளுக்கும் காசு கட்ட வேண்டும். ஷெனோன்சோவுக்குக் காலையில் வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். கார் இல்லாதவர்கள் ரயிலில் தூர் வந்து இறங்கி, அங்கிருந்து ஷெனோன்சோவுக்கும் ஆஸேவுக்கும் ரயிலிலேயே போகலாம். சின்ன ஊர்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் எந்த ஹோட்டலிலும் அடுப்பு எரியாது, எவ்வளவு கெஞ்சினாலும் காபிதான் கிடைக்கும். கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.